ஸ்கைலைன் ஜிடி-ஆர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய கார் ஏலங்களில் ஒவ்வொரு காரின் நிலையையும் எழுதித் தரும் ஏலத் தாள்களைப் படித்து, தெரிந்தவர்களுக்குப் பொருள் சொல்லும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். நிஸ்ஸானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரை வாங்க நினைப்பவர்கள், வாங்கிவிட்டுக் குழம்புபவர்கள், சின்ன வயதில் வீடியோ கேமில் ஓட்டியதிலிருந்து ஆசையை மனதில் வைத்திருப்பவர்கள் என்று பலர் கேட்கிறார்கள். சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

ஸ்கைலைன்னா ஜிடி-ஆர்தானே? ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. ஸ்கைலைன் என்பது ஒரு கார் வரிசையின் பெயர். 1957-இல் பிரின்ஸ் என்ற பெயரில் அது வெளிவந்தது. 1966-இல் பிரின்ஸ் நிறுவனம் நிஸ்ஸானோடு இணைந்தபோது ஸ்கைலைனும் கூடவே வந்தது. அந்த வரிசையில் பெரும்பாலானவை வீட்டு உபயோகத்துக்கான சாதாரண கார்கள். பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட உச்ச வகைதான் ஜிடி-ஆர்.

ஐந்து தலைமுறைகளை நினைவில் வைத்தால் போதும்: 1969-இன் ஹகோசுகா, 1973-இன் கென்மெரி, 1989-இன் ஆர்32, 1995-இன் ஆர்33, 1999-இன் ஆர்34. 2007-இல் வந்த ஆர்35-இல் ஸ்கைலைன் என்ற பெயரே கிடையாது, அது வெறும் ஜிடி-ஆர். அதனால் அதை இங்கே தொடவில்லை.

ஹகோசுகாவைப் பார்த்தா பழைய அம்பாசடர் மாதிரி பெட்டியாத்தானே இருக்கு, அதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பெட்டி என்பதுதான் அதன் பெயரே. ஜப்பானிய மொழியில் ‘ஹகோ’ என்றால் பெட்டி, ‘சுகா’ என்பது ஸ்கைலைன் என்பதன் அவர்கள் உச்சரிப்பிலிருந்து வந்த சுருக்கம். 1969 பிப்ரவரியில் முதலில் வந்தது நான்கு கதவு கார். இரண்டு கதவு வடிவம் 1970-இல்தான் வந்தது.

மரியாதை முழுவதும் பானட்டுக்கு அடியில் இருக்கிறது. 1966 ஜப்பான் கிராண்ட் பிரிக்ஸில் போர்ஷே 906-ஐத் தோற்கடித்த பிரின்ஸ் ஆர்380 என்ற பந்தயக் காரின் எஞ்சினிலிருந்து பிறந்தது இதன் எஸ்20 எஞ்சின். 1989 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு என மொத்தம் 24 வால்வு, மூன்று கார்புரேட்டர், 7000 சுற்றில் 160 குதிரைத்திறன். சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்பதே வழக்கமாக இருந்த 1969-இல், ஒரு நான்கு கதவுக் குடும்பக் காருக்குள் இதை வைத்தார்கள். மூன்று ஆண்டுக்குள் ஜப்பானியப் பந்தயங்களில் ஏறக்குறைய ஐம்பது வெற்றி. ஸ்கைலைனின் தந்தை என்று அங்கே கொண்டாடப்படும் ஷினிச்சிரோ சகுராயின் குழு செய்த வேலை இது.

கென்மெரி 197 கார்தான் செஞ்சாங்களாமே, அது ஃபெயிலியரா?

காரில் குறை எதுவும் இல்லை, காலம்தான் சாதகமாக இல்லை. விளம்பரத்தில் வந்த கென், மேரி என்ற ஜோடியின் பெயர்தான் கென்மெரி. ஹகோசுகாவின் அதே எஸ்20 எஞ்சினோடு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு 1973-இன் தொடக்கத்தில் ஜிடி-ஆர் வகை வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் சில மாதங்களிலேயே உற்பத்தி நின்றது. பந்தயக் களத்தில் அது இறங்கவே இல்லை. அதன் பிறகு 16 வருடம் ஜிடி-ஆர் என்ற பெயரே வெளிவரவில்லை. ஆர்32 வந்தபோது ஜப்பானில் எழுந்த பரபரப்புக்கு இந்த நீண்ட காத்திருப்பும் ஒரு காரணம்.

ஆர்32-க்கு ஏன் 2.6 லிட்டர்? ஒண்ணு 2.5 இருக்கணும், இல்ல 3 இருக்கணும், இது என்ன கணக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்தால் அந்தக் காரில் பாதி புரிந்துவிடும். குரூப் ஏ என்பது விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தய வகை. அதன் அப்போதைய விதிப்படி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள எஞ்சினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கிக் கணக்கில் எடுப்பார்கள். பெருக்கி வரும் எண்ணை வைத்து வகுப்பு, குறைந்தபட்ச எடை, டயர் அகலம் எல்லாம் முடிவாகும். முதலில் 2.4 லிட்டர் டர்போவாகத்தான் யோசித்தார்கள். 1.7-ஆல் பெருக்கினால் 4000-க்கு அருகில் நிற்கும். ஆனால் நான்கு சக்கர இயக்கம் சேர்ந்ததும் எடை ஏறியது. அந்த எடையைச் சுமக்கக் கூடுதல் சக்தியும் அகலமான டயரும் தேவைப்பட்டன. அதனால் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். அங்கே உச்ச வரம்பு 4500. ஆர்பி26 என்ற இந்த எஞ்சின் 2568 சிசி. 1.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4366 வரும். விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரைந்த எஞ்சின் இது.

பலன் எப்படி என்றால், ஜப்பான் குரூப் ஏ போட்டியில் 1990 முதல் 1993 வரை 29 பந்தயம், 29-இலும் ஆர்32 வெற்றி. 1991-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயமும் அதற்கே. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 1000-இல் 1991, 1992 இரண்டு வருடமும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடி இதில் வென்றது. ‘காட்ஸில்லா’ என்ற பட்டப்பெயரே ஆஸ்திரேலியப் பத்திரிகை வைத்ததுதான்.

வெறும் 280 ஹார்ஸ்பவர்தானா? இப்ப வர்ற சாதாரண காரே அதைத் தாண்டுதே?

காகிதத்தில் 280. ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280-க்கு மேல் அறிவிக்கக் கூடாது. 1989 முதல் 2004 வரை அது நீடித்தது. அதனால் அந்த 15 வருடத்து ஜப்பானியக் கார்களில் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்32 கம்பெனியிலிருந்து வந்தபடியே 300-ஐத் தாண்டியது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

எப்படி அடக்கினார்கள் என்பதுதான் அழகு. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாய்க்குள் துளை சிறுத்த ஒரு துண்டைச் செருகி வைத்தார்கள். அதை எடுத்தாலே அழுத்தம் கூடிவிடும். எஞ்சின் பிளாக் தடித்த வார்ப்பிரும்பு, பந்தயத்தில் 550 குதிரைத்திறனுக்கு மேல் தாங்கியது. ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் என்பதால் டர்போ கார் என்றாலும் காலை அழுத்தியதும் எஞ்சின் உடனே கேட்கும். முதல் மூன்று சிலிண்டருக்கு ஒரு டர்போ, அடுத்த மூன்றுக்கு இன்னொன்று. உள்ளே அத்தனையையும் தயாராக வைத்துவிட்டு, வெளியே கதவைச் சாத்தி அனுப்பிய கார் என்பேன்.

நாலு சக்கரமும் ஓடும்னா அது ஜீப் மாதிரியா?

அப்படி இல்லை. சாதாரணமாக ஓட்டும்போது இது பின்சக்கர இயக்கம்தான். பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தால், டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் இருக்கும் பல தட்டு கிளட்ச்சை ஆயில் அழுத்தம் இறுக்கி, முன்சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும். தேவைக்கேற்ப பாதி வரை போகும். சக்கர வேகத்தையும் வளைவில் காரைத் தள்ளும் விசையையும் சென்சார்கள் சொல்ல, ஒரு கம்ப்யூட்டர் இடைவிடாமல் கணக்குப் போடுகிறது. 1989-இல்! இதன் பெயர் அட்டேசா.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்ந்து இருக்க வேண்டும். முன்னால் புதிது, பின்னால் பழையது என்று போட்டால், சுற்றளவு வேறுபட்டு, கம்ப்யூட்டர் அதை வழுக்கல் என்று நினைத்துக் கிளட்ச்சை இறுக்கிக்கொண்டே இருக்கும். காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றி, டிரான்ஸ்ஃபர் பெட்டியையே இழந்தவர்கள் உண்டு.

ஆர்பி26 எஞ்சின் உடையவே உடையாதுன்னு சொல்றாங்களே?

பிளாக் உறுதியானது, உண்மை. அதைச் சுற்றி இருப்பவை எல்லாம் அப்படி அல்ல. முதலாவது, ஆரம்பகால ஆர்32-களில் ஆயில் பம்ப்பைச் சுற்றும் கிராங்க் பகுதி மிகக் குறுகலானது. எஞ்சினை அடிக்கடி உச்ச சுற்றுக்குக் கொண்டுபோய் லிமிட்டரில் மோதவிட்டால் பம்ப்பின் உள் கியர் உடையும். உடைந்தால் சில நொடிகளில் எஞ்சின் போய்விடும். இரண்டாவது, ஆயில் மேலே ஹெட்டுக்கு ஏறும் அளவுக்கு வேகமாகக் கீழே இறங்காது. நீண்ட வளைவில் ஆயில் மேலேயே தேங்கி, கீழே பம்ப் காற்றை உறிஞ்சும்.

மூன்றாவது டர்போ. வழக்கமான வகைகளில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். எடை குறைவு என்பதால் சட்டென்று சுற்றும், ஆனால் அழுத்தத்தை மிகவும் ஏற்றினால் சிதறும். மேலே சொன்ன குழாய்த் துண்டை எடுத்துவிட்டு ‘இலவச சக்தி’ என்று ஓட்டியவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்33-ஐ எல்லாரும் மட்டம் தட்டுறாங்களே, அது நிஜமாவே மோசமா?

மோசமே இல்லை. இந்த வரிசையில் நியாயம் கிடைக்காத கார் அதுதான் என்பது என் கருத்து. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2720 மில்லிமீட்டர். ஆர்32-க்கு 2615, ஆர்34-க்கு 2665. நீளமும் எடையும் கூடியதால் பார்ப்பதற்குத் தடித்துத் தெரிந்தது, பத்திரிகைகள் முகம் சுளித்தன. ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 8 நிமிடத்துக்குக் கீழே, 7 நிமிடம் 59 விநாடியில் சுற்றி வந்தது, ஆர்32-ஐவிட 21 விநாடி குறைவு. ‘மைனஸ் 21 விநாடி’ என்றே நிஸ்ஸான் விளம்பரம் செய்தது. நீண்ட வீல்பேஸ் வேகத்தில் அமைதியைத் தருகிறது. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனதும் இந்த உடல்தான். அதற்கான விதியை நிறைவேற்ற, சாலையில் ஓடும் ஒரே ஒரு ஜிடி-ஆர் எல்எம் செய்தார்கள்.

வி-ஸ்பெக், எம்-ஸ்பெக், நூர், நிஸ்மோ... தலை சுத்துது. எதைத்தான் தேடணும்?

நிஸ்மோ என்பது நிஸ்ஸானின் பந்தயப் பிரிவு. முதலில் நிஸ்மோ ஆர்32. குரூப் ஏ விதிப்படி, பந்தயத்துக்கு மேம்படுத்திய பாகங்களை அனுமதிக்க 500 கார் விற்றாக வேண்டும். 1990-இல் 560 செய்து, 60-ஐ பந்தயத்துக்கு வைத்துக்கொண்டு 500-ஐ விற்றார்கள். செராமிக்குக்குப் பதில் உலோக டர்போ. ஏபிஎஸ், பின்கண்ணாடி வைப்பர் இரண்டும் கிடையாது. பம்பரில் கூடுதல் காற்றுத் துளைகள். எல்லாமே ஒரே துப்பாக்கிச் சாம்பல் நிறம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பந்தயக் காரணம் உண்டு. ஆர்32 வி-ஸ்பெக் 1993-இல் பிரெம்போ பிரேக், 17 அங்குலச் சக்கரங்களோடு வந்தது.

ஆர்34-இல் ஓட்டத்துக்கு வி-ஸ்பெக். 2000-இல் வந்த வி-ஸ்பெக் 2-இல் கார்பன் பானட். எம்-ஸ்பெக் சற்று மென்மையான சஸ்பென்ஷனும் தோல் இருக்கையும் கொண்டது. 2002-இல் விடைபெறும் பதிப்பாக நூர் வந்தது. வி-ஸ்பெக் 2, எம்-ஸ்பெக் இரண்டிலும் சேர்த்து சுமார் 1000. பந்தய வகை பிளாக், உறுதியான டர்போ, பொன்னிற கேம் மூடி, 300 வரை காட்டும் ஸ்பீடோமீட்டர். நிறத்துக்கும் தனி மதிப்பு உண்டு: பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறும் மிட்நைட் பர்ப்பிள் 2 நிறத்தில் வந்தவை 282 மட்டுமே.

எண்ணிக்கை குறைஞ்சா விலை ஏறும், அவ்வளவுதானே?

அவ்வளவு நேர்க்கோடு இல்லை. லெக்சஸ் எல்எஃப்ஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் மொத்தமே 500. ஆனாலும் உற்பத்தி முடிந்து பல வருடம் ஆன பிறகும் அமெரிக்க ஷோரூம்களில் சில விற்காமல் நின்றன. இன்று அதையே தேடி அலைகிறார்கள். அதன் எண்ணிக்கை ஒருபோதும் மாறவில்லை, பார்ப்பவர்களின் கண்தான் மாறியது. மறுபக்கம் ஆர்32 ஜிடி-ஆர் ஏறக்குறைய 44,000 செய்யப்பட்டது, அரிது என்று சொல்லவே முடியாது. ஆனாலும் நல்ல ஒன்று கிடைப்பது கஷ்டம்.

எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டா 2000ஜிடி 351 கார்தான், யமஹாவோடு சேர்ந்து கிட்டத்தட்டக் கையாலேயே செய்தது. அமெரிக்காவில் பந்தய அணி நடத்திய கரோல் ஷெல்பி பந்தயத்தில் ஓட்டவைத்த 2000ஜிடி 2022-இல் ஏலத்தில் 25 லட்சம் டாலரைத் தாண்டியது. சுபாரு 22பி ஜப்பானில் 400, உலக ரேலி வெற்றியின் நினைவாகச் செய்தது. ஆர்33-இன் 400ஆர், 2.8 லிட்டராக்கிய எஞ்சினோடு 100 செய்யத் திட்டமிட்டு 44-இல் நின்றது. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு பந்தயமோ, ஒரு முயற்சியோ இருக்கிறது. வெறும் ஸ்டிக்கரும் எண் பொறித்த தகடும் ஒட்டிய ‘லிமிடெட் எடிஷன்’ அதே மதிப்பைப் பெறாது.

25 வருஷம்னு ஏதோ சட்டம் இருக்காமே, அதனாலதான் விலை ஏறுச்சா?

பெரிய அளவில் ஆம். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத காரை அங்கே கொண்டுபோக, அது தயாரான மாதத்திலிருந்து 25 வருடம் ஆகியிருக்க வேண்டும். முதல் ஆர்32-க்கு 2014 ஆகஸ்டில் அந்த நாள் வந்தது, முதல் ஆர்34-க்கு 2024 ஜனவரியில். கடைசி ஆர்34-க்கு 2027 ஆகஸ்ட். அந்த நாள் நெருங்கும்போது ஜப்பானிய ஏலங்களில் விலை முன்கூட்டியே ஏறிவிடும், நாள் வந்த பிறகு வாங்க நினைப்பவர் தாமதித்தவர்.

இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு: மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய வழக்கமான வழி இல்லை. ஆர்32 முதல் ஆர்34 வரை எதுவும் அதில் வராது. சிங்கப்பூரில் 35 வருடம் கடந்த கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு, தொடக்ககால ஆர்32 இப்போது அந்த வயதை எட்டிவிட்டது.

சாதாரண ஸ்கைலைனை ஜிடி-ஆர் மாதிரி மாத்தி விக்கிறாங்களாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சேஸிஸ் குறியீட்டைப் பாருங்கள். ஆர்32 ஜிடி-ஆர் என்றால் பிஎன்ஆர்32, ஆர்33 என்றால் பிசிஎன்ஆர்33, ஆர்34 என்றால் பிஎன்ஆர்34. எச்சிஆர்32, ஈசிஆர்33, ஈஆர்34 என்று இருந்தால் அது ஜிடி-ஆர் அல்ல, பின்சக்கர இயக்க ஸ்கைலைன். அவையும் நல்ல கார்கள்தான், ஆனால் விலை வேறு. எண் இரண்டு இடத்தில் இருக்கும்: எஞ்சின் அறையில் உள்ள தகட்டில், பின்சுவர் இரும்பில் குத்தியபடி. இரண்டும் ஒன்றுக்கொன்றும், ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழோடும் பொருந்த வேண்டும். தகட்டை மாற்றலாம், குத்திய எண்ணை மாற்றினால் சுற்றியுள்ள பெயிண்ட் காட்டிக்கொடுக்கும்.

ஒரு காந்தமும் எடுத்துப் போங்கள். ஆர்32 ஜிடி-ஆரின் பானட்டும் முன் ஃபெண்டரும் அலுமினியம். காந்தம் ஒட்டினால் காரணம் கேளுங்கள். விபத்தில் மாற்றியதாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

ஏலத் தாள்ல 4.5 போட்டிருந்தா கண்ணை மூடி வாங்கலாமா?

வேண்டாம். மதிப்பெண் ஒரு பரிசோதகர் சில நிமிடம் பார்த்து எழுதியது. நான் முதலில் பார்ப்பது கார் படத்தின் மேல் எழுதியுள்ள குறிகளை. ஏ கீறல், யு பள்ளம், டபிள்யூ பழுது பார்த்த அலை, எஸ் துரு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். பக்கத்தில் உள்ள எண் அளவைச் சொல்லும். 30 வயது காரில் எஸ் குறி பின்சக்கர வளைவிலோ ஜாக்கி வைக்கும் இடத்திலோ இருந்தால், மதிப்பெண் எதுவானாலும் அடியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்33, ஆர்34 என்றால் முன் ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடம்) துருவையும் கட்டாயம் பாருங்கள்.

ஆர் என்ற மதிப்பெண் விபத்துப் பழுதைக் குறிக்கும். அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள், எந்தப் பகுதி என்று கேளுங்கள். நன்றாகச் சரிசெய்த ஆர் கார், துருப்பிடித்த 4-ஐவிட மேல்.

கிலோமீட்டர் 38,000-ன்னு காட்டுது, நம்பலாமா?

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் மீட்டர் 180 வரைதான் காட்டும் என்பதால், பலர் நிஸ்மோவின் 300, 320 மீட்டரைப் போட்டார்கள். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் நடந்த மாற்றம், ஆனால் மாற்றிய அன்றைய கிலோமீட்டருக்குச் சான்று இல்லாவிட்டால் உண்மைத் தூரம் தொலைந்துவிட்டது. பழைய ஏலப் பதிவுகள், பராமரிப்புக் கையேடு, ஜப்பானியக் கட்டாயப் பரிசோதனையான ‘ஷாகென்’ காகிதங்கள் ஆகியவற்றை வருட வரிசையில் அடுக்குங்கள். எண்கள் சீராக ஏறினால் சரி.

மாடிஃபை பண்ண காரை வாங்கினா மதிப்பு போயிடுமா?

ஏற்கெனவே சொன்னபடி, சாத்திய கதவோடு விற்கப்பட்ட கார் இது. வாங்கிய அத்தனை பேரும் கதவைத் திறந்தார்கள். டர்போ, எக்ஸாஸ்ட், கம்ப்யூட்டர், சஸ்பென்ஷன், எல்லாமே மாறின. அதனால்தான் 44,000 செய்த ஆர்32-இலும் கம்பெனி போட்டபடி நிற்பது அரிதாகிவிட்டது. மாற்றுவதற்கு இவ்வளவு வசதி கொடுத்ததே மாறாததை விலையேற்றிவிட்டது.

ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் உரிமையாளரிடம் வாங்கினால் பாதிக் கவலை இல்லை. நிஸ்மோவின் ஓமோரி தொழிற்சாலை செய்த வேலை என்றால், காகிதங்களோடு, அதுவே மதிப்பு. வெட்டிப் பற்றவைத்த உடல், கழற்ற முடியாத ரோல் கேஜ் (உள்ளே போடும் பாதுகாப்புக் கம்பிக் கூடு), யார் கட்டியது என்று தெரியாத எஞ்சின், இவற்றைச் சேகரிப்புக்காக வாங்காதீர்கள். ஓட்டி மகிழ வாங்குங்கள், அதற்கான விலை கொடுத்து.

பார்ட்ஸ் கிடைக்குமா? முப்பது வருஷ கார் ஆச்சே?

பயந்த அளவுக்கு மோசம் இல்லை. 2017-இன் இறுதியில் நிஸ்ஸான் ‘நிஸ்மோ ஹெரிடேஜ்’ என்ற பெயரில் ஆர்32 பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கி, பிறகு ஆர்33, ஆர்34-க்கும் விரித்தது. எஞ்சின் பக்கம் பெரும்பாலும் சமாளிக்கலாம். உள்பக்க பிளாஸ்டிக், இருக்கைத் துணி, ரப்பர் பட்டைகள், ஆர்34-இன் நடு டிஸ்ப்ளே போன்றவைதான் தலைவலி. எஞ்சினைத் திரும்பக் கட்டலாம், நல்ல டேஷ்போர்டு கிடைக்காது. பார்க்கப் போகும்போது நேரத்தை உள்பக்கத்தில் கூடுதலாகச் செலவிடுங்கள்.

வாங்கி ஓட்டாம உறை போட்டு மூடி வச்சா நல்லதுதானே?

மூடி வைத்த காரைத் திறந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், நல்லதில்லை. ரப்பர் சீல்கள் காயும். டேங்கில் பெட்ரோல் கெடும். டயர் பார்க்கப் புதிதாக இருந்தும் கல்லாகிவிடும். அட்டேசாவின் ஆயில் அமைப்பில் காற்று புகுந்து மீட்டரில் விளக்கு எரியும். அதற்கான ஆயில் தொட்டி ஆர்32-இல் பின்னால் டிக்கியில் இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

மாதம் ஒருமுறை முழுச் சூடு ஏறும் வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது பயன் தராது, எக்ஸாஸ்டில் நீர்தான் தேங்கும். அரைமணி நேரம் சாலையில் எடுத்துப் போங்கள். ஆயில் சூடாகும் முன் எஞ்சினை விரட்டாதீர்கள். வீட்டுக்குத் திரும்பும் கடைசிக் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, டர்போவை ஆறவிட்டு நிறுத்துங்கள்.